வாசலிலிருந்து 39 அடி

அப்பா துறையூர் பக்கம் 34 வருடம் வாத்தியாராக இருந்து, 2003-ல் ரிடையர் ஆனவர். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் பழைய மாணவர்கள் இன்னமும் எழுந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்டவரால் போன மாதம் என் மகளுக்கு ஒரு மார்க் போய்விட்டது. "சூரியக் குடும்பத்தில் கோள்கள் எத்தனை?" என்ற கேள்விக்கு 'ஒன்பது' என்று எழுதியிருந்தாள்.

"தாத்தா, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!" என்று ஒரே அழுகை. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. புளூட்டோவை நீக்கிய செய்தியை அப்போதே பேப்பரில் படித்தவர்தான். மனசுதான் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று நாள் என் போனும் கையுமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தியைத் தெருவுக்கு அழைத்து வந்தார்.

"இந்தக் கோலம்தான் சூரியன். ஓரடி வெச்சா பூமி. எல்லாம் சராசரிக் கணக்கு, வா."

மூன்றாவது அடிக்குள் சீரஸ். ஐந்தில் வியாழன். முப்பதில் நெப்டியூன். 39-ல், மளிகைக்கடை வாசலில், புளூட்டோ. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"1930-ல கண்டுபிடிச்சாங்க. நம்ம நிலாவைவிடச் சின்னது. சூரியனைச் சுத்தி வர 248 வருஷம். கண்டுபிடிச்சதுலேர்ந்து இன்னும் ஒரு சுத்துகூட முடியல."

"அப்புறம் ஏன் தாத்தா எடுத்துட்டாங்க?"

பதில் சொல்லாமல் தெருமுனை வரை நடந்தார். 68-வது அடி.

"இங்க ஏரிஸ். 2005-ல தெரிஞ்சுது. புளூட்டோ அளவுதான், ஆனா எடை அதிகம். இதைப் பத்தாவதுன்னு சேர்த்தா, இன்னும் எத்தனை வருமோ? அதனால 2006 ஆகஸ்ட் 24 அன்னிக்கு பிராக் நகரத்துல கூடி மூணு விதி வெச்சாங்க. சூரியனைச் சுத்தணும், உருண்டையா இருக்கணும், தன் பாதையில தானே பெரிய ஆளா இருக்கணும். புளூட்டோ போற பாதையில பனிப்பாறைக் கூட்டமே இருக்கு. மூணாவதுல ஃபெயில். அதனால சீரஸ், புளூட்டோ, ஏரிஸ் மூணும் குறுங்கோள். அப்புறம் ஹௌமியா, மாகேமாகேயும் சேர்ந்துச்சு."

"பாவம் புளூட்டோ!"

"அதுக்கு என்ன? அது பாட்டுக்குச் சுத்துது. 2015-ல நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்துல போய்ப் படம் எடுத்துச்சு. இதயம் மாதிரி ஒரு பனிச்சமவெளி இருக்கு, பாரு" என்று போனை நீட்டினார்.

நேற்று பஸ் ஸ்டாண்டில், பையனோடு நின்ற ஒருவர் அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்து கும்பிட்டார். நலம் விசாரித்த கையோடு அப்பா கேட்டார்: "கோள் எத்தனைன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"ஒன்பது, சார்!"

"எட்டுன்னு திருத்திக்கோப்பா. பையனுக்குத் தப்பா சொல்லிடாதே."