ரொசாலியா என்னும் திருநாமம்

பலெர்மோ நகரின் நடுநாயகமாக விளங்கும் குவாத்ரோ காந்தி என்ற நாற்சந்தியில், நான்கு மூலைகளிலும் வில்போல் வளைந்து நிற்கும் மாளிகை முகப்புகளின் கீழடுக்கிலே நான்கு பருவங்களும், நடு அடுக்கிலே சிசிலியை ஆண்ட ஸ்பானிய அரசர் நால்வரும், எல்லாவற்றுக்கும் மேலே நகரைக் காத்தருளும் கன்னியர் நால்வரும் சிலை வடிவில் எழுந்தருளியிருக்கிறார்கள். ஆகத்தா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலீவா என்பன அக்கன்னியரின் பெயர்கள். ஆனால் அந்தச் சந்தியைச் சுற்றிலுமுள்ள தெருக்களில், கடைப்பலகைகளிலும், வீட்டுச் சுவர்களில் பதித்த சிறு மாடங்களிலும், மேல்மாடியிலிருந்து பேத்தியை அழைக்கும் பாட்டியின் குரலிலும் அடிக்கடி எதிர்ப்படும் பெயரோ அந்த நான்கில் ஒன்றுமன்று, அது ரொசாலியா. நாற்சந்தியில் இடம் பெறாத ஒரு பெண், நாற்சந்தியிலே நிற்கும் நால்வரையும் பின்னுக்குத் தள்ளி ஒரு நகரத்தின் நாவிலும் நெஞ்சிலும் எங்ஙனம் குடிபுகுந்தாள், அவள் பெயர்தான் எங்கிருந்து வந்தது என்னும் வினாவே என்னைச் சிசிலித் தீவில் ஊர் ஊராக நடக்க வைத்தது.

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ரோஜாப் பூவே எவருக்கும் நினைவுக்கு வரும். லத்தீன் பாஷையில் அப்பூவுக்கு ரோசா என்று பெயர். பழைய ரோமாபுரியின் சாம்ராஜ்யத்தில் ரொசாலியா என்றே ஒரு விழாவும் இருந்தது. மே மாதம் தொடங்கி வேனிற்காலத்தில், குடும்பத்தார் தம் முன்னோர் சமாதிகளுக்குச் சென்று ரோஜா மலர்களைச் சாத்தி, அங்கேயே உணவும் படைத்து உண்டு திரும்புவர். நீத்தார்க்கு நாம் செய்யும் பிதிர்க் கடனோடு இதனை ஒப்பிட்டு நோக்கும் தமிழருக்கு, அவ்விழா அந்நியமாகத் தோன்றாது. சிரியாவின் எல்லையிலிருந்த தூரா யூரோப்பஸ் என்னும் கோட்டையில் அகப்பட்ட, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த படைப்பிரிவொன்றின் பண்டிகைக் குறிப்பில், போர்க்கொடிகளுக்கு ரோஜா மாலை சூட்டும் நாட்களும் மே மாதத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. சாம்ராஜ்யம் அழிந்த பின்னரும் விழாவின் பெயர் அழியவில்லை. ருமேனியர் பெந்தெகொஸ்தே திருநாளை இன்றும் ருசாலி என்றே வழங்குகின்றனர். ஸ்லாவியரின் கதைகளில் வரும் ருசால்கா என்னும் நீர்த்தேவதையின் பெயரும் இந்த மலர்விழாவின் வழிவந்ததே என்பது அறிஞர் பலரின் துணிபு.

இங்ஙனம் வமிசாவளி தெளிவாகக் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. ரொசாலியா வாழ்ந்ததாகச் சொல்லப்படும் 12ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்டவர் நார்மானியர். வடதிசையிலிருந்து வந்த அவர்கள் தம் பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். அவர்களிடையே ரொஹேசே, ரோயெசே என்றெல்லாம் வழங்கிய பெண்பெயர் ஜெர்மானிய மூலத்தது. அதன் முற்பகுதிக்குப் புகழ் என்பதே பொருள். மலருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காலப்போக்கில் ஒலியொற்றுமை காரணமாக அது ரோஜாவோடு கலந்துவிட்டது. சிசிலிப் பெண்ணின் பெயரிலும் இத்தகைய கலப்பு நேர்ந்திருக்கக் கூடும். ஜனங்களோ இவ்விரண்டையும் பொருட்படுத்துவதில்லை. ரோசா என்பதும் லீலியம் என்பதும் கூடி, ரோஜாவும் லீலியுமாய் அமைந்ததே இப்பெயர் என்பது அவர்கள் வழக்கு. அவள் தந்தையாகிய சினிபால்டோ என்னும் பிரபுவின் இல்லத்தில் முள்ளில்லாத ரோஜா ஒன்று மலரும் என்று நார்மானிய மன்னன் ரோஜருக்கு முன்னரே அறிவிக்கப்பட்டதாக ஓர் ஐதிகமும் உண்டு.

அந்தக் காலத்துப் பலெர்மோவில் ஒரு பெயர் எத்தனை வாயில்களால் உட்புகுந்திருக்க முடியும் என்பதை உணர விரும்புவோர், சீசா அரண்மனையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு கல்லைக் காண வேண்டும். கிரிசாந்துஸ் என்னும் குருவானவர், 1149ஆம் ஆண்டில், தம் தாய் அன்னாவின் நினைவாக அமைத்த கல் அது. லத்தீன், கிரேக்கம், அரபி ஆகிய மூன்று மொழிகளோடு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபியும் சேர்ந்து, ஒரு தாயின் பெயரை நான்கு விதமாகச் சொல்லுகின்றன. அந்தக் கல்லின் முன் நின்றபோது, ஒரே வேர் தேடி அலையும் ஆராய்ச்சி இந்த ஊருக்கு ஏற்றதன்று என்று எனக்குத் தோன்றியது. மறைமாவட்டக் காட்சிச்சாலையில் உள்ள மிகப் பழைய பலகை ஓவியத்தில் ரொசாலியா கிரேக்க மடத்துத் துறவியின் உடையிலே நிற்பதும் அந்த எண்ணத்தையே உறுதிப்படுத்தியது.

அரசவை வாழ்வை உதறிவிட்டுத் தவம் பூண்ட அவள் முதலில் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, தீவின் உட்பகுதியில், சாந்தோ ஸ்தேஃபானோ கிஸ்குவீனா என்னும் ஊரை அடுத்த மலைக்காட்டில் இருக்கிறது. ஓக் மரங்கள் அடர்ந்த அந்தச் சரிவிலே, ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டே நுழையக்கூடிய பிளவின் அருகில், லத்தீனில் வெட்டிய சாசனம் ஒன்று காணப்படுகிறது. கிஸ்குவீனாவுக்கும் ரோஜாக்களுக்கும் அதிபதியாகிய சினிபால்டோவின் மகள் ரொசாலியாவாகிய தான், தன் ஆண்டவராகிய இயேசுவின்மீது கொண்ட அன்பினால் இக்குகையில் வாழத் துணிந்ததாக அது அறிவிக்கின்றது. இலக்கண வழு உள்ள இச்சாசனம் 1624ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவளுடைய எலும்புகள் கிடைத்த சில வாரங்களுக்குள் கண்டறியப்பட்டமையால், அதன் தொன்மையை ஐயுறும் அறிஞரும் உளர்; அந்த ஐயம் நியாயமானதே. எனினும் எனக்கு அதில் மிக முக்கியமாகப் பட்டது வேறொன்று. ரோஜாக்களின் அதிபதி என்பது கவியலங்காரம் அன்று. அருகிலுள்ள சிகானி மலைத்தொடரில் மோந்தே தெல்லே ரோசே, அதாவது ரோஜா மலை என்ற பெயருள்ள மலை இன்றும் இருக்கிறது. தந்தையின் நிலமே மகளின் பெயராயிற்று என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. ரோமானிய விழாவையும் ஜெர்மானிய மூலத்தையும்விட, கண்ணெதிரே நிற்கும் அந்த மலையின்பால் என் மனம் அதிகமாகச் சாய்கின்றது.

கிஸ்குவீனாவிலிருந்து அவள் பலெர்மோவை ஒட்டிக் கடலோரத்தில் எழுந்து நிற்கும் மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு வந்து, 1166ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி குகையிலேயே உயிர் நீத்தாள் என்பது பரம்பரைக் கூற்று. அதன் பின்னர் நான்கரை நூற்றாண்டுகளில் அவளை நினைத்தவர் சிலரே. நாற்சந்தியைத் திட்டமிட்டவர்கள் அவளுக்கு இடம் வைக்காததில் வியப்பில்லை.

1624ஆம் ஆண்டு மே மாதத்தில், தூனிஸ் நகரிலிருந்து வந்த கப்பலொன்று, அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பலவகைச் சரக்குகளையும் பலெர்மோத் துறைமுகத்தில் இறக்கியது. கூடவே கொள்ளைநோயும் இறங்கியது. வீடுகள் அடைக்கப்பட்டன, துணிமணிகள் எரிக்கப்பட்டன, நகரம் முழுவதும் மரணவாயிலாயிற்று. ஆகஸ்டு 3ஆம் தேதி அரசப் பிரதிநிதியான சவோய் இளவரசர் எம்மானுவேலே ஃபிலிபெர்த்தோவையும் அந்நோய் கொண்டு போயிற்று. இதற்கிடையில், நோயுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு வெண்ணிற உடையில் ஒரு கன்னி தோன்றி மலைக்கு வரச் சொன்னாள் என்ற செய்தியைப் பற்றிக்கொண்டு குகையைத் தோண்டியவர்கள், ஜூலை 15ஆம் தேதி பாறையோடு ஒட்டிக்கிடந்த எலும்புகளைக் கண்டெடுத்தனர். பேராயராக இருந்த கர்தினால் ஜன்னெத்தீனோ தோரியா அவசரப்படவில்லை. அவர் நியமித்த வைத்தியரும் வேத அறிஞரும் அடங்கிய முதற்குழு ஐயமே தெரிவித்தது. மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போதும், ஊர் முழுவதும் ஓர் அற்புதத்துக்காக ஏங்கி நிற்கும்போதும், மெய்யோ பொய்யோ என்று நிதானித்து ஆராயச் சொன்ன அந்த மனிதரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இளம் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த வின்சென்சோ பொனெல்லி என்னும் சவர்க்காரம் காய்ச்சும் தொழிலாளி, உயிரை மாய்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு மலையேறினான் என்றும், ரொசாலியாவே அவன்முன் தோன்றி, எலும்புகள் தன்னுடையவையே என்றும் அவற்றைப் பவனியாக எடுத்துச் சென்றால் பிணி நீங்கும் என்றும் உரைத்தாள் என்றும், அதைத் தன் மரணப்படுக்கையில் குருவானவரிடம் ஒப்புவித்துவிட்டு அவன் கண் மூடினான் என்றும் வழங்குகிறது. அதே காலத்தில் புதிதாக அமைந்த குழு எலும்புகளை மெய்யென ஏற்றது. 1625ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி அவை பவனியாகச் சென்றன. நோய் அதன்பின் தணிந்ததை நகரம் அவளுடைய அருளாகவே கொண்டது. 1630ஆம் ஆண்டில் எட்டாம் உர்பானுஸ் போப்பாண்டவர் அவள் பெயரை ரோமைப் புனிதர் அட்டவணையில் சேர்த்தார். பிரபுக்களும் கர்தினாலும் நிறைந்த இந்தச் சரித்திரத்தில் திருப்புமுனையாக நிற்பது, மனைவியை இழந்து மனமுடைந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வாக்கு. பெயருக்கு வேர் லத்தீனிலோ நார்மானியத்திலோ இருக்கலாம். அதற்கு உயிர் கொடுத்தது அந்த இரண்டு வருஷத்துத் துயரந்தான் என்பதே என் முடிவு.

கொள்ளைநோய்க் காலத்தில் ஊருக்குள் சிக்கிக்கொண்டவர்களில் அந்தோனி வான் டைக் என்ற இளம் ஓவியரும் ஒருவர். மலர்முடி சூடி, பொன்னிறக் கூந்தல் அவிழ, நகருக்காக மன்றாடும் யுவதியாக அவர் தீட்டிய ரொசாலியாவே பின்னர் உலகறிந்த உருவமாயிற்று. பழைய பலகையிலிருந்த கிரேக்கத் துறவி மறைந்தாள். அவ்வோவியங்களுள் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் இருக்கிறது. கொள்ளைநோய் பரவிய வழியெல்லாம் பெயரும் பரவியது எனலாம். பிரெஞ்சில் ரொசாலி, போலந்திலும் ஹங்கேரியிலும் ரொசாலியா, செக் மொழியில் ரொசாலியே. ஆஸ்திரியாவில் ஒரு மலைத்தொடரே ரொசாலியன் என்று பெயர் பெற்றது. சிசிலியரோ தம் பேச்சில் ருசுலீயா என்பர். அன்பு மிகும்போது பெயரையே விட்டுவிட்டு, சாந்துட்சா, அதாவது எங்கள் சின்னப் புனிதை, என்று அழைப்பர். தூத்துக்குடிக் கரையில் என் தகப்பனாரின் அத்தையொருவரை ரோசாலியம்மாள் என்று அழைத்ததும் இவ்வரிசையில் சேர்க்கத்தக்கதே.

இப்பெயர் பூண்ட பிற மாதருள் இருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் 1837ஆம் ஆண்டு பிறந்த ரொசாலியா தே காஸ்த்ரோ, குடியானவர் பேச்சென்று படித்தவர் ஒதுக்கிய கலிசியத் தாய்மொழியில் 1863ஆம் ஆண்டு கவிதைநூல் வெளியிட்டு, அம்மொழியின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டார். அந்நூல் தோன்றிய மே 17ஆம் நாளையே அந்நாட்டார் இலக்கியத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். பாரிஸ் நகரின் ஏழைத் தெருக்களில் ஐம்பதாண்டுகளாகத் தொண்டு புரிந்து 1856ஆம் ஆண்டில் மறைந்த ரொசாலி ரெந்து என்னும் கன்னியாஸ்திரீ, பிறந்தபோது பெற்ற ஜான் மரீ என்னும் பெயரை நீக்கி இப்பெயரைத் தரித்தவர். 1833ஆம் ஆண்டில் ஃப்ரெதெரிக் ஒசானாமும் தோழர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழையின் குடிசைக்குள் எப்படி நுழைவது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் அவரே. தமிழ்நாட்டில் பங்குதோறும் இயங்கும் அந்தச் சபையின் வழியாக, அவர் பெயரறியாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அவர் கருணையைப் பெற்றிருக்கின்றன.

ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் தேதி இரவில் நடைபெறும் ஃபெஸ்தீனோ உற்சவத்தில், ரொசாலியாவின் உருவந்தாங்கிய பெருந்தேர் கடலை நோக்கிச் செல்லும் வழியில் அதே நாற்சந்தியில் நிற்கும். நகரத் தலைவர் தேர்மேல் ஏறி அவள் காலடியில் மலர் வைத்து, பலெர்மோ வாழ்க, சாந்தா ரொசாலியா வாழ்க என்று முழங்குவார். இடம் கொடுக்காத சந்தியிலேயே அவள் பெயர் முழங்குகிறது.

மலையுச்சிக் கோயிலுக்கு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1787ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானிய மகாகவி கெதே இங்கே வந்து, விளக்கொளியில் தெரிந்த சலவைக்கல் உருவத்தின் அழகில் நெடுநேரம் லயித்திருந்தார். பொன்னாடை போர்த்துச் சாய்ந்திருக்கும் அவ்வுருவம் இன்றும் அப்படியே இருக்கிறது. குகையின் கூரையிலிருந்து கசியும் நீரைத் தகடுகளால் ஆன வாய்க்கால்கள் ஏந்திச் சென்று சேர்க்கின்றன. அவர் காணாத ஒன்றை நான் கண்டேன். 1980களில் தொடங்கி ஈழத்துப் போரின் காரணமாக இந்நகரில் வந்து குடியேறிய தமிழர்கள், கிறிஸ்தவரும் சைவரும், குடும்பம் குடும்பமாக அங்கே நின்றார்கள். வாயிலருகே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த முதிய மாது ஒருவரிடம், நீங்கள் வேதக்காரரா அம்மா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி, நாங்கள் சைவம். ஊரில மடுமாதாவிட்டையும் போறனாங்கள்தானே. இஞ்ச வந்தாப்பிறகு எங்களுக்கு இவதான் தாய்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமியின் பெயரைக் கேட்டபோது, ரொசாலியா என்ற பதில் வந்தது. “பிறந்தவுடன சரியான வருத்தம். நேர்த்தி வைச்சனாங்கள், பிள்ளை தப்பினது. அதால இவவின்ர பேரைத்தான் வைச்சது. வீட்டில லியா எண்டு கூப்பிடுறம்.” லியா என்பது பலெர்மோக்காரரும் இப்பெயரைச் சுருக்கி அழைக்கும் முறையே. நேர்த்தி இன்னும் முடியவில்லை என்றும், பிள்ளைக்குப் பத்து வயது நிறையும் வரையில் ஆண்டுதோறும் செப்டம்பர் 4ஆம் தேதி அடிவாரத்திலிருந்து பழைய கற்பாதை வழியே செருப்பில்லாமல் நடத்திக் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொல்லிவிட்டு, அவர் பேத்தியுடன் குகைக்குள் சென்றார்.