கச்சேரி நிற்கக் கூடாது

அனிமேஷன் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டும் படம் ‘தி கேட் கான்செர்ட்டோ’. டாம் அண்ட் ஜெர்ரி வரிசையில் 1947இல் வெளிவந்தது, ஏழு நிமிடச் சொச்சம் ஓடும். டாம் கோட்டும் சூட்டுமாக மேடையேறி பியானோ வாசிக்கிறான். பியானோவுக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரியின் தூக்கம் கெடுகிறது. அவ்வளவுதான் கதை. முதல் தடவை சத்தத்தோடு போடுவேன், அடுத்த தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் ஃபிரேம் ஃபிரேமாக. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போதும் சிரிப்பவர்கள் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துபோன பிறகும் எதற்காகச் சிரிக்கிறார்கள்?

அடி விழுவதால் என்று சொன்னால் போதாது. அடி எல்லாக் கார்ட்டூனிலும்தான் விழுகிறது, பாதிக்கு மேல் மறந்தும் போகிறது. இங்கே டாம் வேலையில் இருக்கிறான். எதிரே சபை நிறைந்திருக்கிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் எழுதிய இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடியைத் தொடங்கியாயிற்று, நடுவில் எழுந்து போக வழியில்லை. மற்ற படங்களில் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் துரத்துகிறவன், இங்கே மூக்கை நிமிர்த்தி, கண்ணைப் பாதி மூடி, ஒன்றுமே நடக்காதது போல வாசித்தாக வேண்டும். கச்சேரி நடுவே வித்வானின் மூக்கில் ஈ உட்கார்ந்தால் முன்வரிசைக்காரர் பாட்டை விட்டுவிட்டு ஈயையே பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா, அந்த ஈதான் ஜெர்ரி. ஒரு கதாபாத்திரம் சிரிக்கவைக்க வேண்டுமானால் அவனுடைய கையைக் கட்டிப்போடு, அதோடு மானத்தையும் கொஞ்சம் கொடு என்று நான் சொல்வதெல்லாம் இதைப் பார்த்துத்தான்.

படத்தை இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா. பார்பெரா படபடவென்று வரைந்து கதையையும் குறும்புகளையும் கட்டுவார். எந்த அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு ஹன்னாவுடையது. அவருக்கு இசை தெரியும், அதனால் அந்தக் கணக்கைத் தாளத்தோடு சேர்த்தே போட்டார். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு விரல் கட்டையில் விழ இரண்டோ மூன்றோ போதும். அசைவு ஒன்றிரண்டு ஃபிரேம் முந்தி, ஓசை கொஞ்சம் பிந்தி வந்தால்தான் அடி அடியாகத் தெரியும். இரண்டும் ஒரே ஃபிரேமில் வந்தால் என்னவோ சவசவவென்று இருக்கும். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த எந்த அனிமேட்டரும் கண்ணைக் காட்டுவாரே தவிர விளக்கம் சொல்ல மாட்டார்.

எலிப்பொறிக் காட்சிக்கு வருகிறேன். கட்டைகளின் உச்சஸ்தாயி ஓரத்தில் ஜெர்ரி கத்தரிக்கோலோடு காத்திருக்கிறான். டாமின் விரல் அங்கே வந்து தொட்டுப் போகும்போதெல்லாம் வெட்டப் பார்க்கிறான், ஒவ்வொரு முறையும் விரல் தப்பிவிடுகிறது. அலுத்துப்போய், கட்டை இருந்த இடத்தில் ஒரு எலிப்பொறியை வைக்கிறான். எலியே வைக்கும் எலிப்பொறி! இனி விரல் மாட்டவேண்டியதுதான் பாக்கி. மாட்டவில்லை. பொறிக்கு இந்தப் பக்கம் விழுகிறது, அந்தப் பக்கம் விழுகிறது, நடுவில் மட்டும் விழ மறுக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் இதற்குள் ஜெர்ரி கட்சிக்கு மாறியிருப்பார்கள். ராகம் இன்னும் அந்த ஸ்வரத்தைக் கேட்கவில்லை, அதனால் விரலும் அங்கே போகவில்லை. கேட்டதும் போகிறது, பொறி மூடுகிறது. புதிதாக வருகிறவர்கள் இதையே செய்தால் பொறி வைத்த மறுகணம் விரலை உள்ளே தள்ளிவிடுவார்கள். அசைவின் தொடக்கமும் முடிவுமாக இரண்டு கீ போஸ் கொடுத்தால் இடைப்பட்டதையெல்லாம் மென்பொருளே நிரப்பிவிடுகிறது, ஆனால் வேகம் ஒரே சீராகி உதைகூடத் தடவலாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது மென்பொருளில் இல்லை.

இன்னொரு சௌகரியத்தை லிஸ்டே செய்துவைத்திருந்தார். அந்த ராப்சடிக்கு இரண்டு பகுதி. ‘லாஷான்’ மெதுவாக நடக்கும், ‘ஃப்ரிஷ்கா’ தலைதெறிக்க ஓடும். டாமின் மிடுக்கை நிதானமாகக் காட்ட முதல் பகுதி, ரகளைக்கு இரண்டாவது. திரைக்கதையை ஹங்கேரிக்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்துவிட்டார் என்பேன். இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி அதைப் படத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டினார்.

டாமின் கைகளைக் கவனித்தால் பெரும்பாலும் சரியான கட்டைகளில்தான் விழுகின்றன. கென்னத் மியூஸ், எட் பார்ஜ், இர்வன் ஸ்பென்ஸ் போன்றவர்கள் பென்சிலில் வரைந்தது இது. அன்றைக்குத் திரையரங்கில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் செய்தார்கள். சீனப் பியானோ கலைஞர் லாங் லாங், இரண்டு வயதில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தனக்குப் பியானோ ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

வார்னர் பிரதர்ஸ் 1946இல் எடுத்த ‘ராப்சடி ராபிட்’டிலும் இதே ராப்சடிதான், பியானோவுக்குள் ஒரு எலியும் உண்டு. வாசிப்பது பக்ஸ் பன்னி. யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று இரண்டு ஸ்டுடியோவும் சண்டை போட்டுக்கொண்டன. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். பக்ஸ் வாசிப்பின் நடுவே தொலைபேசியை எடுத்துப் பேசுகிறான், நம்மைப் பார்த்துக் கண்ணடிக்காத குறை. கச்சேரி அவனுக்கு விளையாட்டு. டாமுக்கு அது பிழைப்பு. நான் டாம் பக்கம்.

முடிவில் ஜெர்ரி பியானோவின் இரண்டு சுத்தியல்களை ஒடித்தெடுத்துக்கொண்டு உள்ளிருந்தே கம்பிகளில் ஃப்ரிஷ்காவின் கடைசிப் பகுதியை வாசிக்கத் தொடங்குகிறான். டாம் அவனுக்கு ஈடுகொடுத்தாக வேண்டும், ஏனென்றால் சபைக்குத் தெரிவது டாமின் கைகள் மட்டும்தான். முடிந்தது என்று மூச்சுவிடும்போது மறுபடி தொடங்குகிறது. கடைசியில் கோட்டெல்லாம் குலைந்து சரிகிறான். வெளிச்சம் ஜெர்ரிமேல் விழ, அவன் கோட்டு சூட்டோடு சபையை வணங்குகிறான். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காலத்து வழக்கப்படி விருது ஹன்னாவுக்கும் போகவில்லை, பார்பெராவுக்கும் போகவில்லை, தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பியின் பெயருக்குப் போனது. ஜெர்ரியாவது கடைசிப் பகுதியை வாசித்திருந்தான்.