மே மாதத்து நாய்கள்

பொன்மலையில் எங்கள் பொழுதைப் பிரித்துக் கொடுத்தது ஒர்க்‌ஷாப் சங்கு. காலைச் சங்குக்கு நீலச் சட்டைகள் சைக்கிளில் ஆர்மரி கேட்டை நோக்கி வரிசையாகப் போகும், மாலைச் சங்குக்கு அதே வரிசை திரும்பும். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பணிமனை 1928இல் இங்கே இடம் மாறியபோது, அதைச் சுற்றி எழுந்த காலனி எங்களுடையது. வேப்பமரம், புளியமரம், வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கோழிக்கூண்டு. எண்பதுகளில் நாய் இல்லாத குவார்ட்டர்ஸ் வரிசையே அங்கே கிடையாது.

ஒர்க்‌ஷாப்காரர்கள் பெரும்பாலும் சேர்ந்த இடத்திலேயே ரிட்டயர் ஆவார்கள். டிரைவர், கார்டு, டிக்கெட் பரிசோதகர் வீடுகள் அப்படியல்ல. முழுப்பரீட்சை முடிந்த மே மாதத்தில் டிரான்ஸ்பர் ஆர்டர் வரும். வாசலில் லாரி நிற்கும். கட்டில், பீரோ, அண்டா, தையல் மெஷின் எல்லாம் ஏறும். துளசிச் செடியைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நாயை ஏற்றியவர்களைப் பார்த்தது அபூர்வம்.

எதிர்வீட்டு ஜிம்மி அப்படி நின்றுபோனவள்தான். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அந்த வீட்டுப் பையன் அழுது அடம்பிடித்து வாங்கிய குட்டி. பள்ளிக்கூடம் விட்டு அவன் திரும்பும் நேரம் அவளுக்குத் தெரியும்; தெருமுனைக் குழாயடியில் போய் உட்கார்ந்திருப்பாள். லாரி கிளம்பிய அன்று அந்த வீட்டு அத்தை ஜிம்மியின் கழுத்துப்பட்டையைக் கழற்றினார். நல்ல தோல் பட்டை, வீணாக்க மனமில்லை. "அக்கா, அது தெருவுல எப்படியும் பொழச்சிக்கும். மிஞ்சின சோத்தக் கொஞ்சம் போடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏறினார். பையன் லாரியின் பின்பக்கத்திலிருந்து கையாட்டிக்கொண்டே போனான். ஜிம்மி ரயில்வே கேட் வரைக்கும் ஓடிவிட்டு, இருட்டிய பிறகு நாக்கு தொங்க வந்து பூட்டிய வீட்டுத் திண்ணையில் படுத்தாள்.

தெருவில் பிழைத்துக்கொள்ளும் என்பது அன்றும் இன்றும் சொல்லப்படும் பொய். தட்டில் போட்ட சோற்றை மட்டுமே தின்ற நாய்க்குக் குப்பையைக் கிளறத் தெரியாது. தெருநாய்களுக்குள் எல்லை உண்டு. புதிதாக வருவதை அவை கூட்டமாக வந்து குதறும். முதல் வாரத்திலேயே ஜிம்மியின் தொடையில் சதை கிழிந்தது. அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டார், அவளும் காட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் சாப்பிடுவாள், ஆனால் படுக்க அந்தத் திண்ணைக்குத்தான் போவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், கல்லால் அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாய் யாருக்காகக் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் சினையாக இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. நாய்க்குச் சினைக்காலம் ஒன்பது வாரம். ஆடி மாதத்தில் சாக்கடைப் பாலத்தடியில் குட்டி போட்டாள். சில குட்டிகள் மழையில் போயின, சில லாரியில் அடிபட்டன. மிஞ்சியவை வளர்ந்து, மறு வருஷமே அவையும் குட்டி போட்டன. காலனியில் நாய்த்தொல்லை என்று எல்லோரும் புலம்பினார்களே, அதில் பாதி வீடுகளிலிருந்து இறக்கிவிடப்பட்டவை, மீதி அவற்றுக்குப் பிறந்தவை. வீட்டுக்குள் கருத்தடை செய்யாமல் வளர்த்து, வேண்டாதபோது வெளியே விடுகிற வரைக்கும் எந்தத் தெருவிலும் நாய் குறையாது என்பது எனக்கு அங்கே கண்ணால் கண்டு வந்த புத்தி.

அந்தக் குட்டிகளில் ஒன்று வளர்ந்து மூன்றாவது வரிசைச் சிறுவன் ஒருவனைக் கடித்தது. வளர்ப்பு நாய் கடித்தால் அதைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிப்பார்கள். நாய் நன்றாக இருந்தால் வெறி இல்லை என்று தெரிந்துவிடும். இதைக் கட்டிவைக்க யார் இருந்தார்கள்? அதனால் அவனுக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி, மொத்தம் பதினான்கு. ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் பழைய மருந்து அது; குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தயாராகும். 2004 வாக்கில்தான் நாட்டில் அந்த மருந்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்து போனதைப் பார்த்துக் காலனியே பயந்தது.

பிறகு நாய் பிடிக்கும் வண்டி வந்தது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை 2001இல்தான் நாடு முழுமைக்கும் விதியானது. அப்போதெல்லாம் போன நாய் திரும்பாது. கழுத்தில் பட்டையும் பில்லையும் இருந்த நாய்களை விட்டுவிட்டார்கள். ஜிம்மி ஓடவில்லை. வீட்டு நாய் அல்லவா, மனிதர் கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு அருகில் போனாள். சுருக்குக் கம்பி கழுத்தில் விழுந்தது.

எங்கள் வரிசையில் இருந்த கார்டு மாமா அன்று சாப்பிடவில்லை. கடைசி ஈற்றில் மிஞ்சிய பெண் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்: "ரயில்ல நாய்க்கும் எடம் இருக்குடா தம்பி. கார்டு வண்டியில நாய்க்கூண்டு பின்ன எதுக்கு? பார்சல் ஆபீஸ்ல பணம் கட்டணும், ஒரு சங்கிலி வேணும், தண்ணி வைக்க ஒரு கிண்ணம் வேணும். ரயில்வேக்காரங்களுக்கே இது தெரியாதா?" அந்தக் குட்டியை மீட்டர்கேஜ் வண்டியில் தம் மகள் வீட்டுக்கு விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார். போவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். வயது வந்ததும் மகள் அதற்குக் கருத்தடையும் செய்துவிட்டாள். அது அந்த வீட்டிலேயே கிழடாகிச் செத்தது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு வந்தது. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தோல் பட்டையின் விலைகூட இருக்காது. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு யாரையும் தடுக்க முடியாது.

அதனால் உங்களிடமே கேட்கிறேன். குழந்தை குட்டிக்காக அழும்போது, அந்த நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் உங்களோடு இருக்கும் என்பதை முதலில் குழந்தையிடம் சொல்லுங்கள். முடியாதென்றால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களென்றால், வரும் மே மாதம் டிரான்ஸ்பர் ஆர்டர் கைக்கு வந்ததும், லாரி பேசுவதற்கு முன் பார்சல் ஆபீஸுக்குப் போய் உங்கள் நாய்க்கு இடம் கேளுங்கள்.