கிழக்கே திரும்பும் கிளைச்சாலைகள்

மகத்துக்கு முந்திய நாள்: மாமல்லபுரம் முதல் மரக்காணம் வரை

திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. சவுக்குத் தோப்புகளும் மதில்களும் கழிகளும் அதை மறைத்து நிற்கின்றன. இந்தக் கரையின் பழைய பட்டினங்களுக்கு வாசல் கடல் பக்கம். சாலை போவது அவற்றின் புழக்கடை வழியாக. ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வோர் இடத்திலும் இடப்பக்கம் திரும்பி உள்ளே போக வேண்டும். அதற்கு ஏற்ற காலம் மாசி மகம். உள்நாட்டு ஊர்களும் கடலை நாடி வரும் நேரம் அது.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பம். 2004 சுனாமி மணலைக் கிளறியதில் வெளிப்பட்ட கல்வெட்டுகள் துப்பாக, அங்கே புதைந்திருந்த முருகன் கோயில் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். கோயிலைத் தந்த அதே அலைதான் இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது என்ற நினைவு இல்லாமல் அந்தச் செங்கற்களைப் பார்க்க முடியாது.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், எட்டாம் நூற்றாண்டில் இராசசிம்மன் எழுப்பியது. அதன் அருகே மணலில் சேலைகளால் கூடாரங்கள் எழுந்திருக்கின்றன. மகத்துக்கு வந்திருக்கும் இருளர்களுடையவை அவை. நிலவில் மணல்மேடை அமைத்துக் கன்னியம்மனை வழிபடுவார்கள். பெண் பார்ப்பதும் தாலி கட்டுவதும்கூட இந்த மணலிலேயே நடக்கும். கோயிலைப் பார்க்கவரும் கூட்டம் இவர்களைக் கவனிக்காமல் கடந்துபோவது பெரிய இழப்பு.

தெற்கே கடப்பாக்கம். இடைக்கழிநாடு என்ற பகுதிப் பெயரிலேயே நிலத்தின் அமைப்பு இருக்கிறது: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த நாட்டுக்காரர். கடப்பாக்கத்திலிருந்து திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. நாணயச்சாலையோடு செழித்திருந்த துறைமுகம் அது. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் மிச்சச் சுவரிலிருந்து பார்த்தால் கழி, மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல்.

மரக்காணத்தில் உப்பளங்கள். மழைக்காலம் போனதும் பாத்திகளைச் சீராக்கி நீர் பாய்ச்சுகிறார்கள். வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில், பாத்தியில் நிற்பவர்களின் கண்ணைத்தான் முதலில் பதம் பார்க்கிறது.

மகம்: புதுச்சேரி, கிள்ளை

புதுச்சேரியின் வைத்திக்குப்பத்தில் விடியும் முன்பே கூட்டம். மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று சுற்றூர்த் தெய்வங்கள் வரிசையாகத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நகரம் இது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் என்ன பேசினார்கள் என்று அவர் எழுதிவைத்ததால்தான் இந்தக் கரையின் பதினெட்டாம் நூற்றாண்டு நமக்குத் தமிழில் கிடைத்திருக்கிறது.

கடலூரைத் தாண்டித் தெற்கே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் பக்கத்தில் கிள்ளை. மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் இங்கே கடலாட வருகிறார். வழியில் தர்காவின் முன்னே முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள்; பெருமாளின் மாலை தர்காவுக்குப் போகிறது. இதைக் காணவே இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள்: தரங்கம்பாடி

கொள்ளிடத்தையும் சீர்காழியையும் கடந்தால் தரங்கம்பாடி. ஊருக்குள் நுழையும் வளைவுக்கு டேனியர் வைத்த பெயரின் பொருள் 'தரைவாயில்'. இன்றுள்ள வடிவத்தில் 1792-இல் கட்டப்பட்டது. கடல்வழியே வந்தவர்களுக்குத் தரைப்பக்க வாசலுக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டிருக்கிறது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பிய அவர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் கரையிறங்கிய சீகன்பால்கு இங்கே தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சிய பகுதிக்கு முன்னே கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் மோதி எழும் நீர்த்திவலை படியில் நிற்பவரின் முகத்தில் படுகிறது.