மருந்து எங்கே போகிறது?

அத்தைக்குப் பல வருஷமாக வீசிங். இன்ஹேலரை வாயருகே பிடித்து 'புஸ் புஸ்' என்று இரண்டு தடவை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். "இதெல்லாம் எனக்குக் கேக்காதுடா தம்பி" என்று புலம்பல் வேறு. எப்படிக் கேட்கும்? பாதிக்கு மேல் காற்றோடு போகிறது, மிச்சம் நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்கிறது.

ஸ்பிரே வகையை முதலில் குலுக்க வேண்டும். மூச்சை நன்றாக வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். இழுப்பதும் அழுத்துவதும் ஒன்றுசேராமல்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற குழாயை மாட்டினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆனால் நாலு பேர் முன்னால் அதை எடுக்கக் கூச்சம்!

கேப்ஸ்யூல் போடும் பவுடர் வகை நேர்மாறு: வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், யாரும் சொல்லித்தராவிட்டால் வேறென்ன செய்யத் தோன்றும்?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை, உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியிருப்பது. அது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதைத் தணிக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலரோ உடனே எந்த வித்தியாசமும் காட்டாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அது அலமாரிக்குப் போய்விடுகிறது. (அதை எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லையேல் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம்.)

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டோடு இன்ஹேலரையும் எடுத்துப்போய் அவர் முன்னாலேயே ஒருதடவை அடித்துக் காட்டுங்கள். சங்கடப்பட வேண்டாம், மூடியைக் கழற்றாமலே அழுத்தியவர்களைக்கூட டாக்டர்கள் பார்த்திருப்பார்கள்.