அத்தைக்குக் கீழே ஓர் அறை

கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டைப் போல் எத்தனையோ வீடுகள். கீழே கூடமும் சமையலறையும். படுக்கையறைகள் எல்லாம் மாடியில். இவற்றைக் கட்டியவர்களுக்கு வயதே ஆகாது போலும். என் மாமியாருக்கு 78 வயது. காலையில் இறங்கினால் இரவில்தான் படியேறுவார். கீழே பின்கட்டில் இருப்பது குந்தும் கழிப்பறை, முழங்கால் மடங்காது. அதற்குப் பயந்து பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அது தெரிந்த அன்றே, பின்பக்கத்தை நீட்டி ஓர் அறையும் குளியலறையும் கட்டுவதென்று நானும் கணவரும் முடிவெடுத்தோம்.

மாநகர் மன்ற அனுமதி, வரைபடம் எல்லாம் சேர்த்துக் குத்தகையாளர் சொன்ன தொகை 38,000 வெள்ளி.

டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டின் பேஸ்மெண்டைக் கடன் வாங்கிச் சீரமைத்து வாடகைக்கு விட்டாள். வாடகையே தவணையைக் கட்டுகிறது. எங்கள் அறை ஒரு காசு தராது. சம்பளத்தில்தான் கட்ட வேண்டும். கணவருக்கோ ஓய்வு பெற இன்னும் 8 ஆண்டுகள்தான்.

நான் வேலை செய்வது பிரிக்பீல்ட்ஸில். அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கூட்டு கட்டச் சொன்னார். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்ய 1971-இலேயே சட்டம் தடை போட்டுவிட்டது. பணத்தோடு ஆள் ஓடினால் யாரிடம் போவது? இன்னொருவர் தனிநபர் கடனைச் சொன்னார். “5 விழுக்காடுதான், மலிவு!” 30,000 வெள்ளிக்கு 5 ஆண்டு என்றால் மாதம் 625, வட்டி மட்டும் 7,500. முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுகிறது. உண்மையில் அது ஆண்டுக்கு 9 விழுக்காட்டைத் தாண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவோம் என்று கேளுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் பிணையில்லாக் கடனுக்கு உச்சவரம்பு 18 விழுக்காடு. விளக்குக் கம்பத்தில் நம்பர் ஒட்டும் ஆலோங்குக்கு வரம்பே கிடையாது.

வீட்டுக் கடனோடு கூடுதல் தொகை வாங்கினால் வட்டி ஏறத்தாழ 4 விழுக்காடு என்றார் வங்கி அதிகாரி. “20 வருஷம் போடுங்கம்மா, மாசம் 182 வெள்ளிதான்.” கேட்க இனிமையாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டால் வட்டி 13,600-ஐத் தாண்டியது, மலிவான வட்டியிலேயே! அதையே 8 ஆண்டில் முடித்தால் மாதம் 366, வட்டி 5,100 சொச்சம். கணவர் ஓய்வு பெறும்போது கடனும் முடிந்துவிடும். வழக்கறிஞர் கட்டணம் போன்ற செலவுகள் தனி. 30,000 வெள்ளியை அப்படியே வாங்கினோம்.

மீதி 8,000-க்குக் கணவர் ஊழியர் சேமநிதியைப் பார்த்தார். 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கச் சுலபம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் பயம்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை உள்ளே போய் வளையல் ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார்.

“வேணாம்மா. அடகுக்கடையில மாசம் ரெண்டு விழுக்காடு வரைக்கும் வட்டி” என்றார் கணவர்.

“அடகு வைக்க யாருடா சொன்னா? வித்துடு. மீட்டு வாங்கி நான் எந்தக் கல்யாணத்துக்குப் போகப்போறேன்?”

“அத்தை, உங்க கல்யாண வளையல்...” என்றேன்.

“எனக்காகத்தானே இடிக்கிறீங்க. என் பங்கு இல்லாம அந்த ரூம்புல நான் படுக்க மாட்டேன்.”

கணவர் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் தெங்கு கிளானா சாலையில் இரண்டு நகைக்கடைகளில் விலை கேட்டு, கூடுதலாகத் தந்த கடையில் அத்தையே விற்றார். பணத்தை எண்ணி என் கையில் கொடுத்தார்.

அனுமதி வந்து, போன வாரம் பின்சுவரை இடித்தார்கள். குளியலறைக்கு வழுக்காத தரைக்கல்லை அத்தைதான் தேர்ந்தெடுத்தார். சாம்பல் நிறம். “அழுக்குத் தெரியாது” என்றார்.