பசி வேறு, அவா வேறு

உணவை நாடும் உணர்வுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. வயிறு வேண்டுவது பசி. நா வேண்டுவது சுவை. நெஞ்சு வேண்டுவது அவா. மக்கள் வழக்கிலோ இம்மூன்றும் ஒன்றாகக் கலந்து, 'பசிக்கிறது' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. நூல்களைக் கற்று இவற்றின் வேறுபாட்டை உணர்ந்தோர் பலர் இருக்கலாம். நாமோ நம் இரைப்பையின் பெரும்பகுதியை மருத்துவரிடம் ஒப்படைத்த பின்னரே அதனை உணர்ந்தோம். மலர்க் கட்டுரைக்கு இப்பொருள் சற்றுக் கூச்சம் தருவதே. ஆயினும் இதே நிலையில் இருப்பார்க்கும், அவர்களோடு ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் வீட்டார்க்கும் பயன்படக்கூடும் என்று கருதி எழுதத் துணிந்தோம்.

நாம் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, தலைநகர் தில்லியில் மத்திய அரசு எழுத்தராகப் பணிபுரிபவர். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் எடை 128 கிலோ. உயரம் 165 செ.மீ. எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடற்பருமன் எண் 47. நீரிழிவு ஏழாண்டுகளாக உடனிருந்தது. உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டு விழிப்பதும் வழக்கமாகிவிட்டது. அவ்வெண் 40-ஐக் கடந்தோர்க்கும், நீரிழிவு போன்ற துணைநோய் உடையோராயின் 35-ஐக் கடந்தோர்க்கும் அறுவைச் சிகிச்சை தகும் என்று 1991 இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று வரம்பு வகுத்தது. 2022 இன் பிற்பகுதியில் அத்துறை வல்லுநர் அமைப்புகள் அவ்வரம்பைத் தளர்த்தி, ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதனைக் கருதலாம் என்றன. நம் நிலை பழைய வரம்பையும் தாண்டியிருந்ததால் ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று. 2022 பிப்ரவரியில் அறுவை நடந்தது.

அதில் செய்வது இன்னதெனச் சுருங்கக் கூறுவோம். வயிற்றில் சிறு துளைகளிட்டு, லேப்ராஸ்கோப் கருவியைச் செலுத்தி, இரைப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அறுத்து அகற்றுவர். எஞ்சியது வாழைப்பழ வடிவில் ஒரு குழாயாகும். அகற்றப்படும் பகுதியில்தான் கிரெலின் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. 1999 இல் ஜப்பானிய அறிஞர்களான கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த இந்நீரே மூளைக்குப் பசியை அறிவிக்கும் தூதன். எனவே இவ்வறுவை கலத்தைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. தூதனின் குரலையும் தாழ்த்திவிடுகிறது.

முதல் இரு வாரங்கள் நீருணவு. பின்னர்க் குழைத்த உணவு. அதன்பின் மென்மையான உணவு. சில வாரங்கள் கழித்தே வழக்கமான சாப்பாடு. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். உணவுக்கும் நீருக்கும் இடையே அரை மணி இடைவெளி. வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுதும். அந்நாள்களில் பசி என்பதே நம்மை விட்டு அகன்றிருந்தது. கடிகாரம் பார்த்து உண்டோம். ஒருநாள் உணவை விடு என்றாலும் விடாது, இருநாள் உணவை ஏல் என்றாலும் ஏலாது எனத் தம் வயிற்றோடு ஔவையார் நல்வழியில் வழக்காடினார். நம் வயிறோ அவ்வழக்கின் முதற்பாதியைக் கைவிட்டு அமைதியாகிவிட்டது. பதினான்கு மாதங்களில் எடை 86 கிலோவாயிற்று. நீரிழிவு மாத்திரை நின்றது. மகளோடு நான்கு மாடி ஏறி, மேலே சென்ற பின்னும் மூச்சிரைக்காமல் பேச முடிந்தது. போர் முடிந்தது என்றே வீட்டில் யாவரும் எண்ணினர்.

2023 மே மாதத்தில் ஊரில் அன்னையார் காலமானார். கடன்கள் முடித்துத் தில்லி திரும்பிய சில நாள்களில் புதியதொன்று தொடங்கியது. இரவு பத்து மணிக்கு மேல், வீடு உறங்கிய பின், கால்கள் சமையலறைக்குச் செல்லும். பசி இராது, வயிறு காலியாகவும் இராது. ஒரு முறுக்கு, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, பின்னர்ச் சிறிது வெல்லம், மீண்டும் முறுக்கு. ஒரே வேளையில் ஏற்க மறுத்ததை வயிறு தவணை முறையில் ஏற்றுக்கொண்டது. நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் தெளிவாகவே இருந்தது. நிறுத்தும் ஆற்றல் மட்டும் இல்லை. நள்ளிரவில் டப்பா காலியாகும். நான்கு மாதங்களில் எடை 86-லிருந்து 93 ஆயிற்று. எடையைக் காட்டிலும் நம்மை அச்சுறுத்தியது அந்த அறையின் இருளே. விளக்கைப் போட்டால் துணைவியார் விழித்துக்கொள்வார் என்று இருளிலேயே நின்று தின்றோம்.

கட்டுப்பாடின்றி உண்ணும் இந்நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட தன் நோய்க் கையேட்டில் தனி நோயாகவே ஏற்றுள்ளது. அக்கையேட்டின்படி, மிகுதியான உணவைக் குறுகிய நேரத்தில் உண்பது அந்நோயின் ஓர் அடையாளம். வயிறு சுருக்கப்பட்டவரால் மிகுதியாக உண்ண இயலாதே. அவர்க்கு இந்நோய் எப்படிப் பொருந்தும்? இதற்கு அத்துறையினர் கூறும் விடை தெளிவானது. அறுவை செய்துகொண்டவர் திறத்தில் அளவைப் பாராமல், கட்டுப்பாடு கைநழுவியதா என்பதையே பார்க்க வேண்டும். கைப்பிடி முறுக்கும் நோயின் அடையாளமாகலாம். ஒரு தட்டு உணவும் இயல்பானதாகலாம். முறுக்கு, சிப்ஸ், பாயசம், பனிக்கூழ் போன்றவை குழாயான இரைப்பையில் தங்காமல் எளிதில் இறங்கிவிடும். பருப்பும் முட்டையும் தங்கி நின்று 'போதும்' என்று சொல்வது போல் இவை சொல்வதில்லை. அவா எப்போதும் இவற்றையே நாடுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும்.

நம் வாழ்க்கைச் சூழலும் இதற்குத் துணை நின்றது. மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெறுவது மாதத்தின் கடைசி நாளில். எனவே மாதந்தோறும் அன்று மாலை அலுவலகத்தில் விடைதரும் விழா. சமோசா, லட்டு, தேநீர். பதவி உயர்வுக்கு ஒரு பெட்டி, பிள்ளை பிறந்தால் ஒரு பெட்டி, தீபாவளிக்கோ மேசைதோறும் பெட்டிகள். "ஒரு லட்டு என்ன செய்துவிடும்? நல்ல காரியத்திற்கு வாய் இனிக்க வேண்டாமா?" என்று அன்பினால் கேட்பவர்க்கு வயிற்றின் உடற்கூற்றை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? வெளியூரில் வாழும் தமிழர் வீடுகளில் இது இன்னும் நுட்பமானது. ஊரிலிருந்து வருவோர் கையில் மணப்பாறை முறுக்கோ, திருநெல்வேலி அல்வாவோ, நம் பக்கத்தாராயின் திருவையாற்று அசோகாவோ இருக்கும். அது தின்பண்டம் மட்டுமன்று. ஊர் நம்மை மறக்கவில்லை என்னும் செய்தியும் அதனுள் இருக்கும். அதனை எப்படி மறுப்பது?

துணைவியாரின் துயரம் வேறு வகையானது. இருபது ஆண்டுகள் நமக்கெனச் சமைத்த கை அது. அறுவைக்குப் பின் ஒருநாள், "இரண்டு இட்லிக்காக யார் மாவு அரைப்பது?" என்றார். வேடிக்கையாகச் சொல்லப்பட்டதாயினும் அதில் ஒரு வெறுமை ஒலித்தது. உண்பவன் வயிறு சுருங்குங்கால் ஊட்டுபவர் உலகமும் சுருங்குகிறது என்பதை எந்த மருத்துவக் கையேடும் எழுதி வைக்கவில்லை.

அவாவை அடக்க, இனிப்பையும் முறுக்கையும் வீட்டிலிருந்து அறவே ஒழிப்பதே வழி என்றனர் உற்றார் சிலர். இக்கருத்தை எடைபோட ஒரு பழைய ஆய்வு உதவும். 1944 முதல் 1945 வரை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நல்ல உடலும் மனமும் வாய்ந்த அவ்விளைஞர்கள் நாளடைவில் உணவைத் தவிர வேறெதிலும் நாட்டமற்றவராயினர். சிலர் சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர். பட்டினி முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்த பின்பும் அவர்களுட் பலர் வயிறு நிறைந்தும் நிறைவு காணாமல் உண்டனர். தடை மட்டுமே மருந்தாகுமானால் அவர்களுக்கு அவா தோன்றியிருக்கக் கூடாதன்றோ? மறுக்கப்பட்ட உடல் மறுக்கப்பட்டதையே நினைந்து கிடக்கும் என்பதே அவ்வாய்வு காட்டிய உண்மை.

நாம் அணுகிய மனநல மருத்துவர் தடைகளைப் பெருக்கவில்லை. "இது குணக்கேடன்று, நோய், நோய்க்கு ஒழுங்கே மருந்து" என்றார். மூன்று வேளை உணவு, இடையே இரண்டு சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் குறித்த நேரத்தில் உண்ணல் என்று வகுத்தார். ஒரு குறிப்பேடும் வைக்கச் சொன்னார். எழுத்தர்க்கு அது கடினமா? நேரம், உணவு, இடம் என்று பத்திகள் பிரித்து, கடைசிப் பத்தியில் பசிக்கு 'ப' என்றும் அவாவுக்கு 'அ' என்றும் குறித்து வந்தோம். மூன்று வாரத்தில் ஏடு தானே பேசத் தொடங்கிற்று. 'அ' விழுந்த இரவுகளுட் பெரும்பாலானவை, வேலை மிகுதியால் மதிய உணவு தவறிய நாள்களின் இரவுகள். எஞ்சியவை ஊரிலிருந்து தொலைபேசி வந்த இரவுகள். முதல்வகை அவாவுக்கு மருந்து மதியம் ஒன்றரை மணிக்கு உண்ணும் தயிரும் சுண்டலும். இரண்டாம் வகைக்கு உணவு மருந்தன்று. அன்னையாரைப் பற்றி யாரிடமேனும் பேசுவதே மருந்து. அவ்விரவுகளில் துணைவியாரை எழுப்பினோம். விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் பேசினோம்.

அவா அலை போன்றது. எழும், உச்சிக்குச் செல்லும், தானே தாழும். தாழும் வரை கையை வேறொரு பணியில் வைத்திருந்தால் போதும் என்பது மருத்துவர் தந்த மற்றொரு பயிற்சி. நாம் மறுநாள் சட்டைகளுக்குப் பெட்டி போட்டோம். நான்கு சட்டைகள் முடிவதற்குள் அலை தாழ்ந்த இரவுகள் பல. தாழாத இரவுகளும் உண்டு. அலுவலக லட்டை மறுப்பதை விட்டோம். அதில் கால்பங்கை, உணவுக்குப் பின், அமர்ந்து, பலர் நடுவே உண்கிறோம். மறைவில் உண்ணும்போது அவாவுக்கு இருந்த வலிமை வெளிச்சத்தில் இருப்பதில்லை.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். எல்லா அவாவும் மனத்தின் வேலை அன்று. பச்சரிசியை மெல்லவும் பனிக்கட்டியைக் கடிக்கவும் தீரா விருப்பம் தோன்றினால் அது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாகலாம். குருதியைச் சோதித்தறிய வேண்டும். இனி, அவா உருமாறுவதும் உண்டு. குடலை மாற்றியிணைக்கும் வகை அறுவை செய்துகொண்டோரிடையே, இரண்டாம் ஆண்டளவில் மதுப்பழக்கச் சிக்கல் மிகுவதாக 2012 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உணவின் வாயில் அடைபட்டால் அவா வேறு வாயிலைத் தட்டக்கூடும் என்று வீட்டார் அறிந்திருத்தல் நன்று. அறிதல் வேறு, கண்காணித்தல் வேறு. டப்பாவிலுள்ள முறுக்கை எண்ணி வைப்பதும், 'இவ்வளவு செலவு செய்தும் இப்படியா?' என்று கேட்பதும் நோயாளியை மீண்டும் இருளுக்கே அனுப்பும்.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொருத்தி வருகிறாள். முனிவர் ஒருவரின் சாபத்தால், எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் நோய் அவளைப் பற்றியது. அந்நோயை எத்தனை மலையளவு சோறும் தணிக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை தன் கையால் இட்ட பிடி உணவு தணித்தது. மாணவப் பருவத்தில் அதனை அற்புதச் செய்தியாகவே படித்தோம். இன்று அதனுள் வேறொன்றும் தென்படுகிறது. காயசண்டிகையை யாரும் பேருண்டிக்காரி என்று இகழ்ந்து திருத்தவில்லை. அவள் நோயைக் கேட்டறிந்த ஒருத்தி, இரக்கத்தோடு இட்டாள். அளவு சிறிதாயினும் அது போதுமானதாயிற்று.

இன்று நம் எடை 88 கிலோ. இரவுகள் பெரும்பாலும் அமைதியாகவே கழிகின்றன. மாதத்தில் ஓரிரண்டு அவ்வாறு கழிவதில்லை. அவற்றையும் ஏட்டில் குறித்துவிட்டு மறுநாள் காலை உணவைக் குறித்த நேரத்தில் உண்கிறோம். பசியைக் கத்தி குறைத்துத் தந்தது, அதற்கு நன்றியுடையோம். அவாவைக் குறைக்கும் பணி கத்திக்குரியதன்று. அது நாள்தோறும், வேளைதோறும், உடன் வாழ்வாரின் துணைகொண்டு செய்ய வேண்டிய பணி. துணைவியார் இப்போது வாரம் ஒருமுறை மாவு அரைக்கிறார். நமக்கு இரண்டு இட்லி. மற்றவை மகளுக்கும் அடுத்த வீட்டுப் பஞ்சாபிக் குழந்தைகளுக்கும். பாத்திரம் காலியாகத்தான் கழுவப்படுகிறது.